வீட்டுப் பாதுகாப்புக்கு ஏஆர்-15: எந்தத் தோட்டாவை வைத்துக்கொள்வது?

பொருநை (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் சொந்த வீட்டில் குடும்பத்துடன் வசிக்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு, உரிமம் பெற்ற கடையில் பின்னணிச் சோதனை முடித்து ஏஆர்-15 வகை ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். ரேஞ்சில் இதுவரை மலிவான 55 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) ஃபுல் மெட்டல் ஜாக்கெட், அதாவது முழு உலோக உறையிட்ட தோட்டாக்களை மட்டுமே சுட்டுப் பழகியிருக்கிறேன். வீட்டில் வைத்துக்கொள்ள எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். கடைக்காரர், "ராணுவமே பயன்படுத்துகிறது, இதைவிட வேறென்ன வேண்டும்" என்று பச்சை முனைத் தோட்டாவை எடுத்து வைத்தார். அலுவலக நண்பர், முனையில் குழியுள்ள, பட்டால் விரியும் ஹாலோ பாயிண்ட்தான் சரி என்கிறார். இன்னொருவரோ, ரைஃபிள் குண்டு நம் வீட்டைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குள்ளும் போய்விடும், அதனால் ரைஃபிளே வேண்டாம் என்கிறார்.

எங்கள் வீடு இங்குள்ள பெரும்பாலான வீடுகளைப் போல மரச் சட்டகமும் ஜிப்சம் பலகையும் கொண்டது. வெளிப்பக்கத்தில் மட்டும் செங்கல் முகப்பு. மாடியில் எங்கள் படுக்கையறைக்கு நேர் எதிரே பிள்ளைகளின் அறை. கீழ்த்தளத்தில், திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பாவும் அம்மாவும் உறங்குகிறார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த வகை, எந்த எடை பொருத்தம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். துப்பாக்கி வைத்திருக்கலாமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இங்கே தொடங்க வேண்டாம்.

கொள்ளிடக்கரை (ஹூஸ்டன்) எழுதுகிறார்:

வணக்கம் பொருநை. கடைக்காரர் சொன்ன காரணத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரையும் தவறான பக்கம் இழுத்துச் செல்வது அதுதான். ராணுவம் முழு உலோக உறையிட்ட குண்டைப் பயன்படுத்துவதற்கு முதன்மைக் காரணம் அது வீட்டுக்குள் சிறந்தது என்பதன்று. போரில் விரியும் குண்டுகளை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் விலக்கியது. அமெரிக்கா அதில் சேரவில்லை என்றாலும் நடைமுறையில் பெரும்பாலும் அதை ஒட்டியே நடந்து வந்திருக்கிறது. (அந்தப் பிரகடனத்துக்கு வழிவகுத்த சர்ச்சையில் முன்னால் நின்றது நம் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் ஆங்கிலேயர்கள் செய்த குண்டு.) காவல்துறைக்கும் பொதுமக்களுக்கும் அந்தத் தடை பொருந்தாது. ஆகவேதான் இந்நாட்டுக் காவலர்கள் விரியும் குண்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

பச்சை முனை என்பது எம்855, அதாவது 62 கிரெய்ன் எடையும் முனைக்குள் ஒரு சிறு எஃகுத் துண்டும் கொண்ட குண்டு. தொலைவில் உள்ள தலைக்கவசம் போன்ற தடைகளைத் துளைக்க வேண்டும் என்ற தேவைக்காக 1980-களில் ராணுவத்துக்கு வந்தது. உங்கள் வரவேற்பறைக்கு அந்தத் தேவை இல்லை. எஃகுக் குறிப்பலகைகளைச் சேதப்படுத்தும் என்பதால் பல ரேஞ்சுகளில் அதை அனுமதிப்பதே இல்லை. அங்கெல்லாம் நீங்கள் அதைச் சுட்டுப் பழகவும் முடியாது.

நீங்கள் சுட்டுப் பழகிய 55 கிரெய்ன் எம்193 வகையைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் செய்த ஆய்வுகள் காட்டியபடி, அந்தக் குண்டு வேகமாகச் சென்று பட்டால் உடலுக்குள் பக்கவாட்டில் திரும்பி, உறை பிளந்து சிதறுகிறது. ஆனால் அதற்கு நொடிக்குச் சுமார் 2,700 அடி வேகம் வேண்டும். 16 அங்குலக் குழலிலிருந்து ஏறக்குறைய 3,100 அடி வேகத்தில் அது புறப்படுவதால் வீட்டு அளவு தூரத்தில் வேகம் போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எந்த ஆழத்தில் திரும்பத் தொடங்கும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி, வேட்டுக்கு வேட்டு மாறுகிறது. மெலிந்த உடலாக இருந்தால், திரும்புவதற்கு முன்பே மறுபுறம் வெளியேறவும் கூடும். விரியும் குண்டு இந்த நிச்சயமின்மையைப் பெருமளவு குறைக்கிறது, ஏனெனில் பட்டவுடனே முனை மலரத் தொடங்கிவிடும்.

எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோலைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர்களுடைய இரு முகவர்கள் உயிரிழந்தனர், ஐவர் காயமடைந்தனர். எதிராளியின் மார்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது. அதன் பிறகு உருவான சோதனை முறையில், உடல் திசுவுக்கு ஈடாக வைக்கும் 10 சதவீத ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலமும் அதிகபட்சம் 18 அங்குலமும் குண்டு ஊடுருவ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சுவரைத் துளைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் சிலர் 40 கிரெய்ன் பிளாஸ்டிக் முனைக் குண்டுகளை, அதாவது காட்டு அணில், நரி போன்ற சிறு விலங்குகளுக்காகச் செய்தவற்றை, வாங்கி வைக்கிறார்கள். அவை பட்ட இடத்திலேயே நொறுங்கிவிடும், அந்த 12 அங்குலத்தை எட்டுவதில்லை. ஒருபுறம் அளவுக்கு மீறிய துளைப்பு, மறுபுறம் போதாத துளைப்பு. இரண்டுக்கும் நடுவே நிற்பதைத்தான் தேட வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் குழலின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் எடையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மலைக்கோட்டை (ஆஸ்டின்) எழுதுகிறார்:

சுவர் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவரைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலுள்ள எந்தக் குண்டும் ஜிப்சம் சுவரைத் துளைக்கும். அரை அங்குலப் பலகை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் வெற்றிடம். இதை நாம் சுவர் என்று அழைக்கிறோமே தவிர, குண்டுக்கு அது திரைச்சீலைதான். ஆனால் "ரைஃபிள் குண்டு என்பதால் கைத்துப்பாக்கியைவிட அதிகச் சுவர்களைத் துளைக்கும்" என்ற உங்கள் நண்பரின் கருத்து, உங்கள் ரைஃபிளில் சுடக்கூடிய .223 அளவிலான, எடை குறைந்த விரியும் குண்டுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் தலைகீழானது. மெல்லிய, வேகமான அந்தக் குண்டு முதல் சுவரிலேயே நிலைகுலைந்து, புரண்டு, சில நேரங்களில் உடைந்து, வேகத்தை விரைவாக இழக்கிறது. கனமான, மெதுவான 9 மி.மீ. குண்டும், ஷாட்கன்னின் டபுள்-ஆட் பக்ஷாட் எனும் பெரிய உருண்டைக் குண்டுகளும் அடுத்தடுத்த சுவர்களை நேராகக் கடந்து போவதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. இதனால் .223 சுவருக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆபத்தில்லாதது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது அறையிலும் அது உயிரைப் பறிக்கும்.

செங்கல் முகப்பு ஓரளவு உதவும். ஜன்னல் உதவாது, அடுத்த வீட்டை நோக்கி இருப்பவை பெரும்பாலும் ஜன்னல்களே. ஆகையால் எங்கே நின்று எந்தத் திசையில் சுட நேரிடலாம் என்பதைப் பகலில் வீட்டுக்குள் நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். மாடிப்படியின் மேலே நின்று கீழ்நோக்கிப் பார்க்கும் கோணத்தில் தவறிய குண்டு தரைத்தளத்தின் சிமெண்டுத் தளத்தை நோக்கிப் போகும். ஆனால் அதே திசையில் உங்கள் பெற்றோரின் அறை இருந்தால் அந்தக் கோணமும் உங்களுக்கு இல்லை. பிள்ளைகளின் அறை எதிரே இருப்பதால், படுக்கையறைக் கதவிலிருந்து நேர் எதிரே சுடுவது என்பதைத் தோட்டா எதுவாக இருந்தாலும் திட்டத்திலிருந்து அடியோடு நீக்கிவிடுங்கள்.

எடிசன்வாசி (நியூ ஜெர்சி) எழுதுகிறார்:

பொருநைக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம், ஆயினும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமன்று, தோட்டாவை வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வழக்கறிஞரிடம் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பி-2 விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு உண்டு. "நான் ஊரில் இல்லாதபோது அப்பா பார்த்துக்கொள்வார்" என்று பெட்டகத்தின் எண்ணை அவரிடம் சொல்லி வைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மாநிலச் சட்டமும் மாறும். எங்கள் நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் தோட்டாவை வீட்டில் வைத்திருக்கலாம், வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் காரில் சும்மா போட்டுக்கொண்டு சுற்றினால் வழக்கு. டெக்சஸில் அப்படியொரு தடை கிடையாது. இங்கே குடிபெயர்ந்து வருபவர்கள் பெட்டியில் இருப்பதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

பொருநை எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. குழலின் மேல் "5.56 நேட்டோ, 1/8" என்று பொறித்திருக்கிறது, நீளம் 16 அங்குலம். 77 கிரெய்ன்தான் மிகச் சிறந்தது என்று பல இடங்களில் படிக்கிறேன். அதையே வாங்கிவிடலாமா? மேலும், நண்பர் ஒருவர் .300 பிளாக்அவுட் என்ற வேறு தோட்டா வகைக்கு மாறச் சொல்கிறார்.

சிறுவாணி (ராலே, வட கரோலினா) எழுதுகிறார்:

கொள்ளிடக்கரை ஐயா பதில் எழுதும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போக வேண்டிய வீடு என்று நினைத்து வேறொரு வீட்டு வாசலுக்குப் போன யோஷிஹிரோ ஹட்டோரி என்ற ஜப்பானிய மாணவரை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். உரிமையியல் வழக்கில் 6,50,000 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. அங்கே தோட்டாவின் வகையால் எதுவும் மாறியிருக்காது. எதிரே நிற்பது யார் என்று அறிவதுதான் குறைவாக இருந்தது.

உங்கள் வீட்டில், பயணக் களைப்பும் நேர மாற்றமும் தீராமல் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து சமையலறையில் தண்ணீர் தேடப்போவது உங்கள் அப்பாவாகத்தான் இருக்கும். ஆகவே தோட்டாவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை ரைஃபிளில் பொருத்தும் நல்ல விளக்குக்கு ஒதுக்குங்கள். அதைவிட முந்தியது, மாடிப்படி விளக்கை மேலிருந்தே போடும் வசதி; முகம் தெரியாத ஒருவர் மீது துப்பாக்கியைத் திருப்பாமலே பார்க்க முடியும். அடைத்த அறைக்குள் ரைஃபிள் வேட்டொலி 160 டெசிபல் அளவில் இருக்கும், காதுக்கு நிரந்தரச் சேதம் விளையும் என்பதால் மின்னணுக் காதுகவசம் ஒன்றும் பெட்டகத்தில் இருக்கட்டும். டெக்சஸில் சுடத் தயாராக உள்ள துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டிவிட்டால் குற்றம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கொள்ளிடக்கரை எழுதுகிறார்:

சிறுவாணி சொன்னதை நானும் வழிமொழிகிறேன். இப்போது எடை.

5.56 நேட்டோ என்று பொறித்த குழலில் .223 ரெமிங்டன், 5.56 இரண்டையும் சுடலாம். .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 தோட்டாவைச் சுடக் கூடாது, அழுத்தம் அளவு மீறும். 1/8 என்பது குழலின் உட்புறத் திருகு எட்டு அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதைக் குறிக்கிறது. கனமான, நீளமான குண்டு நிலையாகப் பறக்க விரைவான சுற்று வேண்டும். ஆகவே உங்கள் குழல் 55-லிருந்து 77 வரை எல்லாவற்றையும் ஏற்கும்; 1/9 குழல் வைத்திருப்பவர்கள் 70-க்கு மேல் போகும் முன் சுட்டுப் பார்க்க வேண்டும்.

77 கிரெய்ன் நல்ல குண்டு என்பதில் ஐயமில்லை. அது புகழ்பெற்றது தொலைதூரத் துல்லியத்துக்காக. உங்கள் வீட்டின் மிக நீண்ட தூரம் பதினைந்து கெஜம் இருக்குமா? அந்தத் துல்லியத்துக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலைக்கு அங்கே வேலை இல்லை. ஸ்பியர் கோல்ட் டாட், ஃபெடரல் ஃப்யூஷன் போன்ற தோட்டா வகைகளில் ஈயமும் உறையும் பிணைக்கப்பட்டிருப்பதால் அவை கார் கண்ணாடியைக் கடந்தும் உருக்குலையாமல் போகும். காவலர்களுக்கு அது வரம். மரச் சட்டக வீட்டில் வசிக்கும் உங்களுக்கு, சுவரைக் கடந்தும் உருக்குலையாத குண்டு வரமா என்று யோசியுங்கள். முழுச் செம்பாலான பார்ன்ஸ் குண்டுகளும் ஆழமாகப் போகும் இனமே. என் தேர்வு, பிணைக்கப்படாத 55-லிருந்து 64 கிரெய்ன் வரையிலான விரியும் குண்டு. ஹார்னடி நிறுவனத்தின் வீட்டுப் பாதுகாப்புத் தோட்டாக்களில் சில அந்த வகை. மற்றவர்கள் இதை மறுக்கலாம், மறுக்க நியாயமும் உண்டு.

.300 பிளாக்அவுட் குட்டைக் குழலுக்கும் ஒலிகுறைப்பானுக்கும் ஏற்றது. இரண்டும் இல்லாத நீங்கள் மாறக் காரணமில்லை. ஒரே வீட்டில் இரண்டையும் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு, ஏனென்றால் இரண்டுக்கும் மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) ஒன்றே. .300 தோட்டா தவறிப்போய் 5.56 குழலுக்குள் ஏறிச் சுடப்பட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும்.

எதை வாங்கினாலும் இருபது கொண்ட ஒரு பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உங்கள் மேகசின்களிலிருந்தே ஐந்தாறு பெட்டிகளைச் சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். மென்முனைக் குண்டுகள் சில துப்பாக்கிகளில் உள்ளே ஏறும்போது தட்டும். குறிப்புள்ளியும் மாறியிருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். பிறகு அன்றாடப் பயிற்சிக்கு அதே எடையிலான மலிவான தோட்டா போதும். துப்பாக்கியின் வெடி அறைக்குள் ஏற்றி இறக்கிய தோட்டாவை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டாம். ஏஆர்-15-இல் ஒவ்வொரு முறையும் சுடும் ஊசி, தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரில் (தீமூட்டியில்) சிறு பள்ளம் இடும், குண்டும் தோட்டாக் கூட்டுக்குள் பின்னுக்குத் தள்ளப்படலாம். அப்படிப்பட்டவற்றைத் தனியே எடுத்து வைத்து, சேதமில்லாதவற்றை அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது முதலில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். பள்ளம் ஆழமாகவோ குண்டு உள்ளே போனதாகவோ தெரிந்தால் சுடாமல் ரேஞ்ச் அலுவலரிடம் ஒப்படையுங்கள்.