வீட்டில் பாட்டு கேட்க மலிவான ஸ்ட்ரீமர்: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருக்கின்றன. இரண்டும் நன்றாகவே ஒலிக்கின்றன, மாற்ற மனமில்லை. வைஃபை வழியாகப் பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் ஆர்சிஏ உள்ளீட்டுக்கு (பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளைத் துளைகள்) கொடுக்கும் கருவி, அதாவது ஸ்ட்ரீமர், மட்டும் வேண்டும்.

புளூடூத் ரிசீவர்தான் மலிவு. ஆனால் போனை வேறு அறைக்கு எடுத்துப் போனால் பாட்டு விட்டுவிட்டு வரும், அழைப்பு வந்தால் நின்றுவிடும். வைஃபை ஸ்ட்ரீமர் இணையத்திலிருந்து தானே பாட்டை எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட்தான். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ இதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. 2019-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது வீம் மினி போன்ற ரெடிமேட் ஸ்ட்ரீமர் ஒன்றை வாங்குவதா, ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) என்ற சின்னக் கணினியில் டிஏசி பலகை (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான அனலாக் சிக்னலாக மாற்றுவது) பொருத்தி, மூட் ஆடியோ அல்லது வாலூமியோ என்ற பாட்டு மென்பொருளைப் போடுவதா என்று குழப்பம். பை என்றால் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டு) கோப்புகளையும் அதிலேயே இணைத்துக் கேட்கலாம், அந்த வசதி மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அம்மாவும் அதில் பாட்டுப் போடுவார். அடிக்கடி ரீஸ்டார்ட் செய்யும்படி ஆகிவிடக் கூடாது.

சிடி தரம், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், எனக்குப் போதும். அப்படியிருக்க, ஸ்ட்ரீமருக்குள்ளேயே இருக்கும் டிஏசி போதுமா, தனியாக ஒன்று வாங்கினால் வித்தியாசம் தெரியுமா? அப்புறம், பையை வருடக்கணக்கில் ஓடவிட்டவர்கள் இருந்தால், மெமரி கார்டு தாங்குகிறதா என்றும் சொல்லுங்கள்.