தக்காளியை எல்லாத்துக்கும் ஒரே மாதிரி நறுக்கறோம், ஒண்ணும் சரியா வரல. எதுக்கு எப்படி வெட்டணும்?

பாலக்கோடு மெஸ்

வணக்கம்ங்க. தினம் 40 பேர் சாப்பிடற சின்ன மெஸ். ஒரு நாளைக்கு 6 கிலோ தக்காளி ஆகுது. மார்க்கெட்ல கிடைக்கறதைப் பொறுத்து பாதி நாட்டுத் தக்காளி, பாதி நீளமான ஆப்பிள் தக்காளி. காலையில 6 மணிக்கு மொத்தத்தையும் ஒரு விரல் அகலத் துண்டா நறுக்கி டப்பால வச்சிடறோம். சாம்பார், ரசம், தொக்கு, பச்சடி எல்லாத்துக்கும் அதுல இருந்துதான் அள்ளிப் போடறது.

தொக்குல தோல் சுருண்டு ஊசி ஊசியா நிக்குது. சாம்பாருக்குப் பருப்போட சேர்த்துக் குக்கர்ல வச்சா 5 விசில் விட்டும் பருப்பு மலரல. தயிர்ப் பச்சடி அரை மணி நேரத்துல மோராயிடுது. ரசத்துல தக்காளி வாசமே இல்ல. இது போதாதுன்னு, நறுக்கும்போதே பாதி பழம் நசுங்கிப் பலகை முழுக்கத் தண்ணி. எங்க தப்பு?

அரிவாமனை

முதல் தப்பு அந்த டப்பா. நறுக்கின தக்காளி சும்மா இருக்காது, சாறு விட்டுக்கிட்டே இருக்கும். 11 மணிக்கு மேலாக அள்ளினா வர்றது வெறும் சதை. வாசம் அடியில தேங்கின தண்ணியில கிடக்கு. உங்க ரசம் ஏன் சப்புன்னு இருக்குன்னு அதுலயே தெரியுது. ஒவ்வொண்ணுக்கும் அடுப்பு பத்த வச்ச பிறகு நறுக்கினா போதும்.

ரெண்டாவது கத்தி. தக்காளித் தோல் வழுக்கும், உள்ளே சதை மெத்துனு இருக்கும். மொண்ணைக் கத்தி தோலைக் கிழிக்கறதுக்கு முன்னாடி சதையை அமுக்கிடும். பழத்து மேல கத்தியை வச்சு, அழுத்தாம முன்னாடி ஒரு தடவை இழுத்துப் பாருங்க. தோல்ல கோடு விழலைன்னா தீட்டணும். சாணைக்காரர் வர்ற வரைக்கும், பீங்கான் கப்பைக் கவுத்து, அடியில மினுமினுப்பு இல்லாத வளையத்துல பக்கத்துக்கு 10 தடவை சாய்ச்சுத் தேய்ச்சா வேலைக்கு ஆகும். பல்லு வச்ச கத்தி இருந்தா இன்னும் சுலபம். அரிவாமனைன்னா பழத்தைக் கீழே அமுக்காதீங்க, அலகை நோக்கித் தள்ளுங்க. கழுவின பழத்தைத் துடைச்சிட்டு வெட்டுங்க, ஈரத்துல கை வழுக்கும்.

காம்புக் கண்ணைக் கூம்பா தோண்டி எடுத்துடுங்க. அதுக்குக் கீழ ஒரு வெள்ளைத் தண்டு இறங்கும். ஆப்பிள் தக்காளில அது கட்டி, எவ்வளவு கொதிச்சாலும் கரையாது. தொக்குல பல்லுல மாட்டறது பாதி நேரம் தோல் இல்ல, அதுதான்.

கிருஷ்ணகிரி பந்தி

எந்தத் திசையில வெட்டறோம்ங்கறதையும் பார்க்கணும். தக்காளியைக் காம்பு மேல இருக்கற மாதிரி நிக்க வச்சு, இடுப்புல குறுக்கே வெட்டுங்க. உள்ளே அறை அறையா தெரியும். ஆப்பிள் தக்காளில 2, 3 அறை. வரி விழுந்த நாட்டுத் தக்காளில அதைவிட நிறைய. இப்படி வெட்டினா எல்லா அறையும் ஒரே நேரத்துல திறந்துக்கும். பாதியைக் கையில கவுத்து லேசா அமுக்கினா விதையும் கொழகொழப்பும் மொத்தமா வெளியே வந்துடும். பச்சடி, ஆம்லெட் மாதிரி தண்ணி ஆகாததுக்கு இந்த வெட்டு.

காம்புல இருந்து அடி வரைக்கும் நெடுக்கே வெட்டினா நேர் எதிர். அறைச் சுவர் மேலயே கத்தி போச்சுன்னா விதை உள்ளேயே நிக்கும். சுவர் எங்க இருக்குன்னு வெளியே தெரியாதே? அடிப்பக்கம் காசு கனத்துக்கு ஒரு சீவு சீவுங்க. நட்சத்திரம் மாதிரி கோடு தெரியும். அந்தக் கோட்டுல கத்தியை இறக்குங்க. சாம்பாருக்கு இந்த வெட்டுதான்.

பிழிஞ்செடுத்த கொழகொழப்பைக் கொட்டிடாதீங்க. தக்காளியோட புளிப்பும் ருசியும் சதையைவிட அதுலதான் அதிகம். அப்படியே ரசப் பாத்திரத்துக்குப் போகட்டும்.

பாலக்கோடு மெஸ்

திசை விஷயம் இன்னிக்குத்தான் தெரியுது, நன்றிங்க. தொக்கு, சாம்பார் பத்தி யாராவது சொல்லுங்க.

சட்டியும் மத்தும்

தொக்கு: தக்காளில சதை கரையும், தோல் கரையாது. அதனால நீங்க வெட்டின துண்டோட அளவுதான் கடைசில தோலோட அளவும். விரல் அகலத் துண்டு போட்டா, சதை கரைஞ்ச பிறகு விரல் அகலத் தோல் தனியா நிக்கும், சூட்டுல சுருண்டு ஊசியாகும். அதுவும் இப்ப வர்ற ஹைபிரிட் பழம் லாரியில அடிபடாம போகணும்னே தோல் கெட்டியா இருக்கற ரகம்.

வழி ரெண்டு. ஒண்ணு, தோலை உரிச்சிடறது. பழத்தோட அடியில பெருக்கல் குறி மாதிரி லேசா கீறி, நல்லா கொதிக்கற தண்ணியில 30 முதல் 45 வினாடி. கீறின முனை சுருள ஆரம்பிச்சதும் எடுத்துப் பச்சைத் தண்ணியில போடுங்க, தோல் கையோட வந்துடும். ஒரு நிமிஷம் தாண்டினா மேல் சதை வெந்து தோலோட சேர்ந்து போயிடும். ஒரே தடவையில 10 பழத்துக்கு மேல போடாதீங்க, கொதி அடங்கிடும். ரெண்டாவது வழி, தோலோட கடலைப்பருப்பு அளவுக்குப் பொடியா நறுக்கறது. சுருள அதுக்கு நீளமே இருக்காது.

கிலோவுக்கு நல்லெண்ணெய் 100 மில்லி. உப்பை ஆரம்பத்துலயே போட்டா சாறு சீக்கிரம் வெளியே வந்து சீக்கிரம் சுண்டும். ஆனா முழு உப்பையும் போட்டுடாதீங்க. கிலோ பழம் பாதிக்கும் கீழ இறங்கும், கரிப்பு ஏறிடும். பாதி இப்ப, மீதி இறக்கும்போது ருசி பார்த்து. அகலமான பாத்திரம் வேணும், ஆழமான குண்டான்ல சுண்டவே சுண்டாது. அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

சாம்பார்: பருப்பு வேகாததுக்குப் புளிப்புதான் காரணம். புளிப்பு பட்டா பருப்போட மேல்பாகம் இறுகும். போர் தண்ணி கடினமா இருந்தா இன்னும் மோசம். பருப்பைக் குழாயில வர்ற ஒகேனக்கல் காவிரித் தண்ணியில தனியா மலர வேகவிடுங்க, தக்காளி பிறகு. நாட்டுப்பழம்னா நாலாக்கினா போதும், காய் முக்கால் வெந்ததும் போட்டு 5 நிமிஷம். குக்கர்லயே ஆகணும்னா தக்காளியைத் தனிக் கிண்ணத்துல வச்சு உள்ளே வைங்க. இதையே உங்களுக்குச் சாதகமாவும் பயன்படுத்தலாம். உருளைக்கிழங்கு குழம்புல குழையக் கூடாதா, கிழங்கு பாதி வெந்ததும் தக்காளியைப் போட்டுடுங்க, முழுசா நிக்கும்.

களிக்குக் கடைசல் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் தர்மபுரி மெஸ்ல அது இல்லாம எப்படி. அரை கிலோ நாட்டுத் தக்காளியைக் குறுக்கே ரெண்டாக்கி, வெட்டின பக்கம் அடியில படற மாதிரி மண்சட்டியில அடுக்குங்க. மேல 15 சின்ன வெங்காயம், 6 பச்சை மிளகாய். தண்ணி அரை டம்ளருக்கு மேல வேண்டாம். வெந்ததும் தோல் தொப்பி மாதிரி கழண்டு நிக்கும், இடுக்கியால எடுத்துப் போட்டுடுங்க. அப்புறம் தண்ணியைக் கட்டாயம் தனியா வடிச்சுட்டுக் கடையுங்க. தண்ணியோட கடைஞ்சா மத்து வழுக்கி மிளகாய் முழுசாவே சுத்திக்கிட்டு இருக்கும். மசிஞ்ச பிறகு வடிச்ச தண்ணியைத் திருப்பி ஊத்திக்கலாம்.

ராயக்கோட்டை ரசம்

ரசத்துக்குக் கத்தியே வேண்டாம். நல்லா பழுத்த நாட்டுத் தக்காளி, ஒரு லிட்டருக்கு 3 நடுத்தரப் பழம். புளித்தண்ணிக்குள்ளயே கையை விட்டுப் பிசைஞ்சு, விரல்ல மாட்டற தோலையும் காம்புக் கண்ணையும் எறிஞ்சிடுங்க. மிக்ஸில அரைக்காதீங்க, காத்து புகுந்து வெளிறின ரோஸ் கலர் நுரை வரும். விதை உடைஞ்சா கசப்பும் சேரும்.

கிருஷ்ணகிரி பந்தி

ஆப்பிள் தக்காளி கையில பிசையறதுக்கு வராதுங்க. பந்தில 20 லிட்டருக்கு யார் பிசையறது? ரெண்டாக்கி மிக்ஸில விட்டு விட்டு ரெண்டு சுத்து போதும், ஓடவிடாம. மேல வர்ற நுரையைக் கொதிக்கறதுக்கு முன்னாடி கரண்டியால எடுத்துட்டா நிறமும் வந்துடும்.

ராயக்கோட்டை ரசம்

20 லிட்டருக்குச் சரி. 40 பேருக்கு 4 லிட்டர்தான் ஆகும், அதுக்குக் கையே போதும்.

பாலக்கோடு மெஸ்

ரெண்டு நாள் செஞ்சு பார்த்தாச்சு. பருப்பு மலர்ந்துடுச்சு, தொக்குல ஊசி இல்ல. பச்சடிதான் இன்னும் தண்ணி விடுது. குறுக்கே வெட்டி, விதை எடுத்துட்டுத்தான் போட்டோம்.

அரிவாமனை

உப்பு எப்ப போட்டீங்க? எவ்வளவு பொடியா?

பாலக்கோடு மெஸ்

தயிர்ல உப்பு கலந்துட்டு, அதுல தக்காளி. ரொம்பப் பொடி, தொக்குக்கு நறுக்கின மாதிரியே.

அரிவாமனை

ரெண்டுமே காரணம். உப்பு பட்ட உடனே வெட்டின முகத்துல இருந்து சாறு இழுக்கும். பொடியா நறுக்க நறுக்க வெட்டின முகம் அதிகம், சாறும் அதிகம். தொக்குக்கு அது நல்லது, பச்சடிக்கு ஆகாது. பச்சடிக்குச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குறையாம இருக்கட்டும், ஆப்பிள் தக்காளியே எடுங்க. தக்காளி, வெங்காயம் தனி, கெட்டித் தயிர் தனி. பந்தி போடறதுக்கு 5 நிமிஷம் முன்னாடி கலந்து, உப்பு அப்பதான். முன்னாடியே கலந்து வைக்கணும்னா, நறுக்கினதுல கால் கிலோவுக்குக் கால் ஸ்பூன் உப்பு தூவிச் சல்லடைல 10 நிமிஷம் வைங்க. கீழ இறங்கின தண்ணி ரசத்துக்கு. அப்புறம் தயிர்ல உப்பு போடாதீங்க.

பாலக்கோடு மெஸ்

சரிங்க, நாளைக்குச் சல்லடை வச்சுப் பார்க்கறோம். காரச் சட்னிக்கு வெட்டு ஏதாவது இருக்கா?

சட்டியும் மத்தும்

நாலாக்கி, வெட்டின பக்கம் எண்ணெயில படற மாதிரி வச்சு, கிளறாம 3 நிமிஷம் விடுங்க. தண்ணி வத்தி ஓரம் லேசா சிவக்கும். நல்லா ஆறினப்புறம் அரைங்க, சூடா போட்டா மிக்ஸி மூடி தூக்கிடும்.