டேஷ்போர்டுக்குள் கடகட சத்தம்: முழுவதும் பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

ரங்கூன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான 2004ஆம் ஆண்டு டொயோட்டா ப்ரோபாக்ஸ் வண்டியை ரங்கூனில் ஓட்டி வருகிறேன். எஞ்சினிலோ கியரிலோ குறை எதுவும் இல்லை. நான்கு மாதங்களாக டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. தீப்பெட்டிக்குள் இரண்டு மூன்று புளியங்கொட்டைகளைப் போட்டுக் குலுக்கினால் எப்படிக் கேட்குமோ, அப்படித்தான் இருக்கிறது.

மாண்டலே விரைவுச்சாலையின் கான்கிரீட் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கேட்கிறது. ஊருக்குள் சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போதும் சில சமயம் கேட்கிறது. காலையில் அதிகமாகவும் வெயில் ஏறிய பிறகு குறைவாகவும் இருக்கிறது. எனக்கு அது ரேடியோவுக்கு இடப்பக்கம், க்ளவ் பாக்ஸ் அருகே கேட்பதாகத் தோன்றுகிறது. பக்கத்தில் உட்காரும் அம்மாவோ முன்கண்ணாடியின் அடியிலிருந்து வருகிறது என்கிறார்.

க்ளவ் பாக்ஸைக் காலி செய்து பார்த்தேன். இடுக்குகளில் ஸ்பாஞ்ச் துண்டுகளைச் செருகினேன். இரண்டு நாள் அடங்கியிருந்து மீண்டும் தொடங்கிவிட்டது. ஒரு பட்டறையில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இருபது ஆண்டு பழைய பிளாஸ்டிக்கைக் கழற்றினால் மீண்டும் முன்போலப் பொருந்துமா என்று அஞ்சுகிறேன். பீலிக்கான் கோவிலுக்கு அம்மாவை மாதம் ஒருமுறை அழைத்துச் செல்பவன் நான். வழி முழுவதும் இந்தச் சத்தம் அவருக்குத் தலைவலியைத் தருகிறது. அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பெகு பட்டறைக்காரர்

தம்பி, வணக்கம். டேஷ்போர்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். இடம் தெரியாமல் பிரித்தால், உடையாத கிளிப்புகள் உடைந்து, இருந்த ஒரு சத்தம் மூன்றாகும். முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். திறப்பதைப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் சொல்வது ‘கடகட’ வகை. இடைவெளியோடு இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தட்டுவதால் வருவது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி இழுபட்டு வருவது ‘கிறீச்’ வகை. காலையில் பிளாஸ்டிக் சுருங்கி இடைவெளி கூடுவதாலும் வெயிலில் விரிந்து இறுகுவதாலும், உங்களுக்குக் காலையில் அதிகமாகக் கேட்பது தட்டும் வகைக்குப் பொருந்தி வருகிறது.

அடுத்தது, சிக்னலில் நிற்கும்போதும் கேட்கிறது என்றீர்களே, அது உங்களுக்கு நல்ல காலம். வண்டியை ஓட்டாமலே தேடலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, நிமிடத்திற்கு 700 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 23 அதிர்வு. 1500 சுற்றில் 50. ஒவ்வொரு பாகத்திற்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. எஞ்சினின் அதிர்வு அதைத் தொடும் நேரத்தில்தான் அந்தப் பாகம் பேசும். ஆகவே வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, கியரை நியூட்ரலில், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் பார்க்கிங்கில் வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரை மெல்ல மெல்ல ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். எந்தச் சுற்றில் சத்தம் பிறக்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளங்கையால் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பாருங்கள். ரேடியோவைச் சுற்றியுள்ள சட்டம், ஏ.சி. காற்று வரும் துவாரம், மீட்டர் மூடி, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள பலகை, கண்ணாடி ஓரத் தூணின் உறை என்று எதையும் விடாதீர்கள். அழுத்தியதும் சத்தம் நின்றால் இடம் அதுவே, அல்லது அதோடு பிணைந்த ஏதோ ஒன்று.

காதை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடி சாய்ந்து நிற்பதால் சத்தம் அதில் பட்டுத் திரும்பி வேறு இடத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். நீங்கள் ஓர் இடமும் அம்மா வேறோர் இடமும் சொல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நம் பர்மாவில் 1970 முதல் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். உங்களைப்போல வலப்பக்க ஸ்டியரிங் வண்டி வைத்திருப்பவர் சாலையோரப் பள்ளத்திற்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறார். அதனால் ஓட்டுநர் பக்கம்தான் முதலில் தளர்கிறது என்பது என் அனுபவம். இடப்பக்கம் கேட்டாலும் வலப்பக்கத்தையும் பாருங்கள்.

ஒரு கேள்வி. ரேடியோவை மாற்றினீர்களா? இங்கு வந்த வண்டிகளில் பலவற்றில் ரேடியோவை மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது ஒரு கிளிப்பை உடைத்து வைப்பதும் பழைய வயரைக் கட்டாமல் உள்ளே தள்ளிவிடுவதும் நான் அடிக்கடி பார்ப்பவை. ஜப்பானில் சுங்கக் கட்டணத்திற்காகப் பொருத்தும் ஈ.டி.சி. பெட்டியும் இங்கே பயன்படாது. பெட்டியைக் கழற்றியவர் அதன் வயரையும் கனெக்டரையும் உள்ளேயே விட்டிருந்தால் அது ஊசலாடித் தட்டும்.

தட்டோன் ஆசிரியை

எனக்கும் இதுபோல் நேர்ந்ததால் எழுதுகிறேன். பிரிப்பதற்கு முன் கண்ணாடியின் அடியில் காற்று வரும் நீண்ட துவாரத்திற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிக்னலில் விற்கும் மல்லிகைச் சரத்தை வாங்கி டேஷ்போர்டு பிள்ளையாருக்குச் சாத்துவது என் வழக்கம். சரத்தைக் கட்டியிருந்த சிறு கம்பி ஒன்று அந்தத் துவாரத்தில் விழுந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிணுங்கிக்கொண்டிருந்தது. நீண்ட இடுக்கியால் எடுத்ததோடு தீர்ந்தது.

இன்னொன்று. கைப்பேசியில் அதிர்வெண்ணை மாற்றி ஒலி எழுப்பும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. அதை வண்டியின் ஸ்பீக்கரோடு இணைத்து 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றினால், தளர்ந்த பாகம் தன் முறை வரும்போது நடுங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டே தேடலாம் என்பதால் எனக்கு இது மிகவும் உதவியது. கதவிலுள்ள ஸ்பீக்கரின் சொந்த நடுக்கத்தை டேஷ்போர்டு சத்தம் என்று நினைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. வண்டியை வாங்கும்போதே ரேடியோ மாற்றப்பட்டிருந்தது. இன்று 1100 சுற்றில் நிறுத்தி அழுத்திப் பார்த்தபோது, இடப்பக்கம் எங்கு அழுத்தியும் பயனில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள பலகையை முழங்காலால் தள்ளியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்தப் பலகையைக் கழற்றலாமா? ஏர்பேக் இருப்பதால் தயங்குகிறேன்.

பெகு பட்டறைக்காரர்

தயங்குவது சரிதான். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்து பிறகு தொடுங்கள். ஏர்பேக்கிற்கான மின்சாரம் சிறிது நேரம் உள்ளே தேங்கி நிற்கும். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்கிற்கு உரியவை. அவற்றை இழுக்கவோ வேறு வயரோடு சேர்த்துக் கட்டவோ வேண்டாம். ஏர்பேக் திறக்கும் மூடியின்மேலோ அதன் ஓரத்திலோ ஸ்பாஞ்சோ டேப்போ ஒட்டவே கூடாது. சத்தம் இருந்தாலும் பரவாயில்லை, அந்த மூடி தடையின்றித் திறக்க வேண்டும்.

பலகையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப் இருக்கும் இடத்திலேயே நேராக இழுங்கள். உள்ளே சுற்றுவதற்கு ஸ்பாஞ்ச் வேண்டாம். நம் மழைக்காலத்தில் அது ஈரம் குடித்து, இரண்டு ஆண்டில் மாவாக உதிரும். வயரிங்கிற்கென்றே வரும் கம்பளித்துணி போன்ற ஃபெல்ட் டேப்பை வாங்குங்கள். சத்தம் நிற்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவுபவர்களும் இருக்கிறார்கள். அது தூசியைப் பிடித்துக் கறுத்துப்போகும்.

ரங்கூன்வாசி

ஞாயிறு காலை திறந்துவிட்டேன். ஈ.டி.சி. பெட்டி இல்லை, அதன் வயர் மட்டும் இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு வெள்ளைக் கனெக்டர் ஒன்று ஒரு சாண் வயரின் நுனியில் தொங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டிய இடத்தில் குழாயின் கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து, ஒரு பச்சரிசி அளவுக்குப் பளபளவென்று தெரிந்தது. எத்தனை ஆயிரம் தட்டு தட்டியிருக்கும் என்று அதைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கனெக்டருக்கு ஃபெல்ட் டேப் சுற்றி, பெரிய வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டினேன். ரேடியோ சட்டத்தில் காணாமல்போயிருந்த கிளிப்பையும் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிப் போட்டாயிற்று.

நேற்று பெகு வரை சென்று வந்தோம். அம்மா வழியிலேயே தூங்கிவிட்டார். இடப்பக்கத் தூண் உறையில் மெல்லிய ‘கிறீச்’ ஒன்று இப்போதுதான் காதில் விழுகிறது. மற்ற சத்தம் அடங்கியதால் கேட்கிறது போலும். மழை முடிந்ததும் அதைப் பார்க்கிறேன்.