சமூகப்பணி டிகிரிக்கு 48,000 வெள்ளி (ரிங்கிட்), மகளைச் சேர்க்கலாமா?

பிறை_அம்மா

வணக்கம். மகள் எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டாள், நல்ல ரிசல்ட்தான், ஆனால் சமூகப்பணிதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கே வேலை செய்யும் ஒரு பெண் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு சம்பளம், பாத்ரூம் வாசல் எவ்வளவு அகலம் என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டு போய் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். அன்றிலிருந்தே இவளுக்கு அந்த வேலை மேல்தான் கண்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியுவில், பினாங்கில் உள்ள யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தை முதல் இடத்தில் போட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியையும் போய்ப் பார்த்தோம். படிப்புக்கு மட்டும் 48,000 வெள்ளி, தங்குவது, சாப்பாடு எல்லாம் தனி. கவுண்டரில் இருந்தவர், "பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கிறது, மிச்சத்துக்கு உங்கள் ஈபிஎஃப் சேமநிதியில் எடுக்கலாமே" என்றார். நான் பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஃபேக்டரி வேலை, கணவர் லோரி ஓட்டுகிறார், கீழே இன்னும் ஒரு பையன் படிக்கிறான். இந்த வேலையில் உண்மையாகவே எவ்வளவு சம்பளம் வரும், போட்ட பணம் திரும்புமா என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி

அக்கா, நான் கோலாலம்பூரில் ஒரு தொண்டு அமைப்பில் மூன்று வருடம் கேஸ் பார்த்தவன், அதனால் என் சம்பளச் சீட்டையே கணக்காகச் சொல்கிறேன். ஆரம்பச் சம்பளம் 2,400. ஈபிஎஃப் 11 சதவீதம் 264 போய், சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து ஒரு பதினேழு வெள்ளி போனால் கையில் 2,120 வாக்கில் வரும். செந்தூலில் அறை வாடகை 550, சாப்பாடு எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 600, மோட்டார் தவணையும் பெட்ரோலும் 400, போன் 50. வீட்டுக்கு 200 அனுப்பினால் மிச்சம் 320. இப்போது அந்த 48,000-ஐயும் முழுக்கக் கடனாக எடுத்தால், பிடிபிடிஎன் மாதிரி வருடத்துக்கு ஒரு சதவீதம் உஜ்ரா (சேவைக் கட்டணம்) போட்டு 15 வருடத்தில் கட்டினாலும் மாதம் 300 வெள்ளிக்கு மேல் வரும். மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே 1,700. டிகிரி படித்தும் அதைவிட 700 வெள்ளிதான் அதிகம் வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்லணும். இந்த வேலையில் சம்பளச் சீட்டில் வராத செலவு நிறைய உண்டு. பிபிஆர் என்கிற அரசாங்க மலிவு விலைப் பிளாட்டில் பதினோராவது மாடியில் ஒரு பாட்டி, இரண்டு பேரப் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் பிறப்புப் பத்திரம் இல்லை. லிஃப்ட் ஓடாத நாளில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு படி ஏறிப் போனால், பாட்டி கதவைத் திறந்த கையோடு "தம்பி, அரிசி தீர்ந்துபோச்சு" என்பார். அந்த நேரத்தில் கிளைம் ஃபாரம் எழுதிக்கொண்டிருக்க முடியாது, கீழே இறங்கிக் கடையில் வாங்கிக்கொண்டு திரும்ப ஏற வேண்டியதுதான். பதிவு இலாகாவுக்கு அந்தக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஆறு தடவை போனேன், கிராப் வாடகைக் கார் காசும் நம் பையிலிருந்துதான். கடைசியில் சின்னவனுக்குப் பத்திரம் கிடைத்த அன்று அந்தப் பாட்டி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது. வேலையை விட்டதற்கு நான் வருத்தப்படுகிறேன், ஆனால் கல்யாணம் ஆனபின் அந்தச் சம்பளத்தில் என்னால் ஓட்ட முடியவில்லை.

கணக்கப்பிள்ளை77

நல்ல ரிசல்ட் என்றால் எக்கவுண்டிங் போடச் சொல்லுங்கள். சேவை செய்யணும் என்றால் ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்.

கெலுகோர்_பழையமாணவி

77 அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வந்து செய்கிற வேலை இல்லை இது. ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்று 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிற இடத்தில் படிக்காதவரை உட்கார வைக்க முடியாது.

பிறை அக்கா, நான் யூஎஸ்எம்-ல் இதைத்தான் படித்தேன், இப்போது அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவ சமூகப்பணி. உங்கள் மாமியாரிடம் பாத்ரூம் வாசல் அகலம் கேட்ட அதே வேலைதான், தினமும் நானும் அதைக் கேட்கிறேன். வாசல் அகலம் தெரியாமல் நாற்காலிக்கு எழுதிக் கொடுத்தால் அது வீட்டில் துணி காயப்போடத்தான் உதவும். காசு இல்லாத நோயாளிக்கு மருத்துவ உதவி நிதியில் விண்ணப்பம் எழுதுவது, சொக்சோவில் என்ன கிடைக்கும் என்று பார்ப்பது, டிஸ்சார்ஜ் ஆனபின் யார் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள் என்று குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுவது, எல்லாம் எங்கள் தலையில்தான்.

செலவைச் சொல்கிறேன். இந்த நாட்டில் சமூகப்பணிப் படிப்பு முதலில் தொடங்கியதே யூஎஸ்எம்-ல்தான், 1975-ல். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்பதால் நான் கட்டிய கட்டணம் மொத்தமும் பத்தாயிரம் வெள்ளிக்குள் முடிந்துவிட்டது. உங்கள் வீடு பிறை, அதுவே பெரிய மிச்சம். வார இறுதியில் பினாங்குப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம், மோட்டாருக்குப் பாலத்தில் டோலும் 2019-லிருந்து கிடையாது. ஆனால் பிராக்டிகலுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள். மாதக்கணக்கில் முழுநேரமும் வேலை, எனக்குச் சம்பளம் ஒரு காசு வரவில்லை, என்னை அனுப்பிய இடம் வேறு மாநிலம். அறை, பஸ், சாப்பாடு என்று அந்தக் காலத்தில்தான் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

வருமானம் என்று பார்த்தால், தொண்டு அமைப்பில் செந்தூல்வாசி சொன்னதுதான் நடைமுறை. சம்பளம் ஏன் இவ்வளவு தாழ்வு என்றால், கவுன்சலருக்கு 1998-லேயே சட்டம் வந்து, பதிவு இல்லாமல் யாரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாமல் போனது. நமக்கோ 2010-ல் அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிறகும் தொழில் சட்டம் பல வருடம் வரைவிலேயே கிடந்தது. மனசு நல்லவர் யார் வேண்டுமானாலும் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், படித்தவருக்குத் தனிச் சம்பளம் எவர் கொடுப்பார்? எனக்கு இன்னும் இதில் ஆறாத கோபம் உண்டு.

அரசாங்க வேலை வேறு கதை. ஜேகேஎம் (சமூக நல இலாகா), சுகாதார அமைச்சு இரண்டும்தான் பெரிய கதவுகள். டிகிரிக்கு உள்ள தரத்தில் எடுப்பார்கள், அலவன்ஸ், வருடாந்திர உயர்வு, மருத்துவச் சலுகை எல்லாம் உண்டு. ஆனால் அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கும் எஸ்பிஏ அழைக்கும் வரை காத்திருக்க வேண்டும், நான் இரண்டு வருடம் தொண்டு அமைப்பில் இருந்துகொண்டே காத்திருந்தேன். மலாய் நன்றாக எழுத வரணும், அறிக்கை எல்லாம் அதில்தான். தமிழும் பேசத் தெரிந்தவளாக இருந்தால் வார்டில் அவளைத் தேடுவார்கள், எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன்.

தனியார்தான் என்றால் சேர்வதற்கு முன்னால் அந்தப் படிப்பு எம்கியூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) பதிவில் இருக்கிறதா என்று நீங்களே வலைத்தளத்தில் தேடிப் பாருங்கள், கவுண்டரில் சொல்வதைக் கேட்டுப் பணம் கட்ட வேண்டாம். ஈபிஎஃப்-ல் பிள்ளையின் படிப்புக்கு எடுக்க முடியும் என்பது உண்மைதான், அதில் உள்ள செஜாத்தரா என்கிற கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிற உங்களுக்கு அந்தப் பணம்தான் வயசான காலத்துச் சோறு. 2,400 வெள்ளிச் சம்பளத்துக்காக அதை உடைக்காதீர்கள், தயவுசெய்து. யூபியுவில் யூஎஸ்எம்-க்கு அடுத்து யூயூஎம், யூகேஎம், யூனிமாஸ் என்று இந்தப் படிப்பு உள்ள இடங்களைப் பார்த்துப் போடுங்கள். ஒன்றுமே அமையாவிட்டால் ஒரு வருடம் ஏதாவது ஆதரவு இல்லத்தில் வேலை செய்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும்.

பிறை_அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து இதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். சம்பளக் கணக்கைக் கேட்டு முகம் வாடும் என்று நினைத்தேன், அவள் பிபிஆர் பாட்டியின் பெரிய பேரனுக்குப் பத்திரம் கிடைத்ததா என்றுதான் கேட்டாள். செந்தூல் தம்பி, கிடைத்ததா? அந்தத் தனியார் கல்லூரி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், கணவருக்கும் எனக்கும் பெரிய பாரம் இறங்கியது. யூனிமாஸ் சரவாக்கில் என்பதால் அவருக்குத்தான் மனசு வரவில்லை. யூயூஎம் என்றால் கெடாதானே, லோரி அந்தப் பக்கம் வாரம் இரண்டு தடவை போகிறது, அதை இரண்டாவதாகப் போடுகிறோம்.

செந்தூல்வாசி

இன்னும் இல்லை அக்கா. பெரியவனுக்கு அப்பா யார் என்று காகிதம் இல்லாததால் இழுக்கிறது. நான் விட்ட பிறகு வேறொரு பிள்ளை அந்த ஃபைலை எடுத்திருக்கிறது, போன வாரம்கூட எனக்கு போன் போட்டுப் பழைய கடிதங்கள் எங்கே என்று கேட்டது.