அப்பாவின் மாம்பலம் படங்கள்: மூன்று படி இருந்த வீட்டில் இப்போது ஒன்று

மாம்பலம்வாசி:

அப்பா டெலிபோன்ஸில் வேலை பார்த்தவர். 70களின் நடுவில் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 கேமரா வாங்கினார். ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான் என்பதால் யோசித்து யோசித்துத்தான் பொத்தானை அமுக்குவார். அண்ணன் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த நெகட்டிவ்கள் கிடைத்தன. கல்யாணம், காதுகுத்துப் படங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியவை சென்னை மேற்கு மாம்பலத் தெருப் படங்கள். வாசலில் மாட்டைக் கட்டிப் பால் கறக்கிறவர், துரைசாமி சப்வேயில் தேங்கிய தண்ணீர், ஸ்டேஷன் நடைமேம்பாலம் எல்லாம் இருக்கின்றன. அதே இடங்களில் நின்று இப்போது படம் எடுத்து வருகிறேன்.

ஒரு படத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். உறையில் பென்சிலால் ‘தை 78’ என்று எழுதியிருக்கிறார். அம்மா கோலம் போடுகிறார். பின்னால் திண்ணைக்கு ஏறும் மூன்று படிகள், நடுப் படியில் டபரா டம்ளர். படிக்கு முன்னால் சாக்கடை மேல் போட்ட கடப்பைக் கல் வரை தெளிவாகத் தெரிகிறது.

வீடு இன்னும் சித்தப்பா பையன் வசம் அப்படியே இருக்கிறது. போய்ப் பார்த்தால் ஒரே ஒரு படிதான் வெளியே தெரிகிறது. மற்ற இரண்டும் ரோட்டுக்குள் போய்விட்டன. ரோடு தட்டுகிறது என்று இரும்புக் கேட்டின் அடிப்பாகத்தை வெட்டியிருக்கிறார்கள். அப்பா எடுத்த ஒரு ஐப்பசி மழைப் படத்தில் தண்ணீர் முதல் படியோடு நிற்கிறது. 2015 டிசம்பரில் அதே வீட்டின் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

அப்பாவின் கோலப் படத்தையும் அதே இடத்தில் இப்போது எடுக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோகப் போகிறேன். “ஏதோ கோணத்தில் எடுத்திருக்கிறீர்கள்” என்று தள்ளிவிட முடியாதபடி எப்படி எடுப்பது? உங்கள் வீட்டுப் படங்களிலும் இப்படி ஏதாவது தெரிகிறதா?

குரோம்பேட்டை சைட் சூப்பர்வைசர்:

மேடம், ரோடு காண்ட்ராக்டில் என் வயசுக் காலம் முழுக்க ஓடியிருக்கிறது. நீங்கள் சொல்வதில் ஆச்சரியமே இல்லை. பழைய தாரை மில்லிங் மெஷினால் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்குத்தான் புதுசாகப் போட வேண்டும். ஆனால் தெருக்களில் வருஷக்கணக்காகப் பழையதன் மேலேயே போட்டுக்கொண்டு போனார்கள். மேல் பூச்சு ஒரு தடவைக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் வரும். படி ஏழு அங்குலம் என்று வைத்தால் இரண்டு படிக்கு 35 சென்டிமீட்டர். தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்றால் ஒன்பது தடவை போட்டாலே கணக்கு சரியாகிவிடும். 78-லிருந்து இன்று வரை ஒன்பது தடவை என்பது அதிகமே இல்லை.

ரோட்டை வைத்து ரோட்டை அளக்காதீர்கள். நகராத ஒன்று வேண்டும். திண்ணைத் தூணின் அடிக்கல், ஜன்னலின் கீழ்ச் சட்டம், நிலைப்படி இதில் ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். இன்றைக்கு அங்கிருந்து ரோடு வரை டேப் வைத்து அளந்து, அந்த டேப் தெரிகிற மாதிரியே ஒரு படம் எடுங்கள். பழைய படத்தில் ஒரு படியின் உயரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் அன்றைய உயரமும் வந்துவிடும்.

ராயபுரம் பொண்ணு:

அக்கா, எங்கள் வீட்டில் 93 கோடையில் எடுத்த கலர் பிரிண்ட் ஒன்று இருக்கிறது. தெருமுனை அடிபம்பு, பின்னால் வரிசையாகக் குடங்கள், ஆள் இல்லாத இடத்தில் செங்கல் வைத்திருக்கிறார்கள். பம்பின் அடியில் முழங்கால் உயரத்துக்கு சிமென்ட் மேடை. இப்போது மேடையே கண்ணுக்குத் தெரியவில்லை, பம்பின் கழுத்து மட்டும் ரோட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. 2019-இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சமயத்தில் நான் அதே இடத்தில் லாரிக்கு நின்று போனில் எடுத்த படத்தோடு சேர்த்துப் பார்த்தேன். வரிசை அதேதான்.

ஒன்று கட்டாயம் செய்யுங்கள். படத்தைப் பெரியவர்களிடம் காட்டிப் பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்கள். எங்கள் அம்மா அந்தப் பித்தளைக் குடங்களை ஒடுக்கு விழுந்த இடத்தை வைத்தே யார் வீட்டுடையது என்று சொன்னார். அந்த வரிசையில் யார் யாரோடு சண்டை என்பது வரை வந்துவிட்டது. படத்தில் இல்லாத விஷயம் அவ்வளவும்.

பழைய நெகட்டிவ்:

கோணம் பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். ஜூமை முதலில் தொடாதீர்கள், நிற்கும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அப்பா படத்தில் தூணின் ஓரம் பின்னாலுள்ள ஜன்னல் கம்பிகளில் எதை மறைக்கிறது என்று பாருங்கள். இன்றைக்கும் அதே கம்பியை மறைக்கும் வரை இடம் வலமாக நகருங்கள். அடுத்து முன்னும் பின்னும். கிளிக் 3-ஐக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத்தான் எடுப்பார்கள், அதனால் அப்பாவின் கண் உயரமும் முக்கியம். ரோடே உயர்ந்திருப்பதால் நீங்கள் குனிந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்! இடம் சரியான பிறகு போனில் ஒன்றரை மடங்கு ஜூம் வையுங்கள். போன் கேமரா அகலமாகப் பிடிக்கும், வைக்காவிட்டால் வீடு சிறிதாகத் தெரிந்து, சுற்றியுள்ள இடமும் படத்துக்குள் வந்துவிடும்.

நெகட்டிவ்களை வெறும் துணியால் துடைக்காதீர்கள். ஃபிலிம் ஸ்கேன் செய்யும் வசதியுள்ள ஸ்கேனரில் 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளி) போதும், படத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐயாயிரம் பிக்சலுக்கு மேல் கிடைக்கும்.

மாம்பலம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஜன்னல் கம்பி யோசனை பிரமாதமாக வேலை செய்தது. தூண் மூன்றாவது கம்பியை மறைக்கும் இடத்தில் நின்றால் என் முழங்கால் ஒரு பைக்கின் சைலன்சரில் இடிக்கிறது, ஆனால் படம் பொருந்திவிட்டது. டேப் வைத்தும் எடுத்தாகிவிட்டது, சூப்பர்வைசர் சாரின் கணக்குக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

ஸ்டேஷன் படத்தை மட்டும் விட்டுவிட்டேன். 2023-இல் தி. நகர் பஸ் ஸ்டாண்டு வரை ஆகாய நடைபாதை வந்த பிறகு அப்பா நின்ற கோணம் கிடைப்பதாக இல்லை. அது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நடக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

இந்த வாரம் சித்தியை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவுசெய்யப் போகிறேன். லேக் வியூ ரோடு பக்கம் இருந்தவர்கள் யாராவது இருந்தால், வீட்டு வாசலும் படிகளும் தெரிகிற பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பின்னணியில் மங்கலாகத் தெரிந்தாலும் போதும். ஒரு வீட்டுக் கதையாக இல்லாமல் தெருவுக்கே சேர்த்து மனு கொடுக்கலாம்.