'லைக் ஹெல்' – தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு ஆங்கில நாடகத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். மூன்று நாளாக ஒரே வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பேரன் 'நான் இப்பவே கிளம்புறேன்' என்று பையைத் தூக்குகிறான். பாட்டி கதவை மறித்துக்கொண்டு, 'லைக் ஹெல் யூ ஆர்!' என்கிறாள். கோபம்தான், ஆனால் உள்ளே அத்தனையும் பாசம்.

'ரன் லைக் ஹெல்' என்றால் தலைதெறிக்க ஓடுவது. அதே இரண்டு சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அடியோடு மறுப்பு. அகராதியில் 'நிச்சயமாக இல்லை' என்று போட்டிருக்கிறது, அதில் உயிரே இல்லை. மெஷின் மொழிபெயர்ப்பு 'நரகம் போல நீ' என்றது. 'சனியனே' போட்டுப் பார்த்தேன், வசவாகிவிட்டது. 'கிழிச்சே!' கொஞ்சம் நெருங்கி வந்தது. ஆனால் அது அவனை மட்டம் தட்டுகிறது, தடுக்கவில்லை.

மற்றவை எப்படியோ முடிந்தன. 'கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்' வந்த இடத்தில் 'தலையே போனாலும்', 'ஹெல் ஆஃப் எ டீச்சர்' என்பதற்கு 'கில்லாடி வாத்தியார்'. அப்புறம் இன்னொன்று: வரி திரையில் நிற்பது இரண்டே நொடி, அதனால் மூன்று சொல்லுக்கு மேல் போக முடியாது.

அந்த இடத்தில் உங்கள் வீட்டுப் பாட்டி நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?