ஆச்சி வீட்டுக் குழு: இத்தாலிக்கு மே மாதமா, ஜூன் மாதமா?

அருள்: வியாழக்கிழமை விசா அப்பாயின்ட்மென்ட். பயணத் திட்டம், ஹோட்டல் புக்கிங், காப்பீடு மூன்றும் கையில் இருக்க வேண்டும். இன்று ராத்திரிக்குள் தேதியை முடித்துவிடுவோம். மே 8 மிலான் போய் இறங்குகிறோம், மே 20 ரோமிலிருந்து கிளம்புகிறோம். சரிதானே?

ஸ்டெல்லா: சரி. ஜூன் முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

ஜெசி: மே மாதமா??

ஜெசி: துபாயில் ஜூலையில்தான் லீவு என்று எப்போதோ சொல்லியாச்சு

அருள்: அக்கா, ஜூலையில் ரோமில் 35 டிகிரி சர்வசாதாரணம். அம்மா எப்படி நடப்பார்கள்?

ரெக்ஸ்: ஜூன், ஜூலையில் இங்கே இத்தாலியில் எனக்குத் தேர்வு. மே என்றால் கூடவே வருவேன்.

ஜெசி: கொடைக்கானலுக்கும் இப்படித்தான். வேன் கிளம்பின பிறகு எனக்கு போட்டோ வந்தது.

அருள்: அக்கா ப்ளீஸ்

சவரிமுத்து: எல்லோருக்கும் வணக்கம். நான் மத்தியானமே எழுத நினைத்தேன். தேதி எதுவானாலும் சரி, காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊர் திட்டத்தில் இருக்க வேண்டும். வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி 1710இல் கோவா வந்து, பிறகு நம் பக்கம் வந்து, நம் மொழியைப் படித்து, தேம்பாவணி என்று 3615 பாடல் எழுதிய மனிதர். எ, ஏ, ஒ, ஓ என்று நீங்கள் இன்று வேறுபடுத்தி எழுதுவதற்கு அவர் செய்த திருத்தம்தான் வழி. சதுரகராதி என்ற தமிழ் அகராதியும் அவருடையது. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் அவரைப் பாடமாக நடத்திய எனக்கு, அந்தத் தெருவில் ஒருமுறை நடக்க வேண்டும். அதோடு, ஞானப்பிரகாசியார் 1568இல் பிறந்ததும் அதே ஊர். நம் அப்பாவின் பெயருள்ள புனிதர். அவருடைய தலை எலும்பு அங்குள்ள பசிலிக்காவில் இருக்கிறது. உடல் ரோமில், இஞ்ஞாசியார் கோவிலில். அப்பா இருந்திருந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போகச் சொல்லியிருப்பார்.

ஸ்டெல்லா: 🙏

அருள்: அண்ணே, அது எங்கே இருக்கிறது?

ரெக்ஸ்: மிலானுக்கும் வெரோனாவுக்கும் நடுவில். தெசென்சானோ ஸ்டேஷனில் இறங்கிப் பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும், அப்பா.

சவரிமுத்து: வழியில்தானே!

ஜெசி: அம்மா என்ன சொன்னார்கள்? அவர்களை யாராவது கேட்டீர்களா

ஸ்டெல்லா: பக்கத்தில்தான் இருக்கிறார்கள், மைனி. சொல்லச் சொல்ல டைப் பண்ணுகிறேன். "எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பதுவை போக வேண்டும். ஜூன் 13 அந்தோணியார் திருநாளுக்கு அங்கே நிற்க வேண்டும்."

அருள்: ஜூன் 13ஆ 😳

ஸ்டெல்லா: "ரெக்ஸுக்கு நாலு வயதுவரை பேச்சு வரவில்லை. உவரி அந்தோணியார் கோவிலில் நேர்ந்துகொண்டேன். இவன் பேசினால் உன் கல்லறைக்கே வருகிறேன் என்று. இன்னும் போகவில்லை."

ஜெசி: இப்போது அவன் பேச்சை நிறுத்த ஒரு நேர்ச்சை வேண்டும் 😂

ரெக்ஸ்: அத்தை!!

ரெக்ஸ்: ஆச்சி, பதுவைக் கோவிலில் அந்தோணியாருடைய நாக்கு இருக்கிறது. அவர் இறந்தது 1231. 1263இல் பெட்டியைத் திறந்தபோது நாக்கு மட்டும் கெடாமல் இருந்ததாம். தனிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். கல்லறையில் கை வைத்து ஜெபிக்கலாம்.

ஸ்டெல்லா: அழுகிறார்கள்

சவரிமுத்து: அம்மாவை அழ வைக்காதே தம்பி. அம்மா, திருநாளன்று சுற்றுப்பிரகாரத்தில் பெருங்கூட்டம் இருக்கும். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனால் நிம்மதியாக நின்று ஜெபிக்கலாம். செவ்வாய் அவருடைய நாள்தானே.

ஸ்டெல்லா: "யோசிக்கிறேன்" என்கிறார்கள்

அருள்: மே 12 செவ்வாய்! பதுவையில் மூன்று ராத்திரி போட்டுவிடலாமா? வெனிஸ் ரயிலில் அரை மணி நேரம்தானே, ரெக்ஸ்?

ரெக்ஸ்: ஆமாம், அறை வாடகையும் குறையும். ஆனால் பகலில் மட்டும் வெனிஸ் போய்த் திரும்புகிறவர்களுக்குச் சில நாள்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை.

ஸ்டெல்லா: கருவாடு கொண்டு வரலாமா

அருள்: ஸ்டெல்லா!

ஸ்டெல்லா: அத்தை கேட்கச் சொன்னார்கள். பிள்ளை இளைத்துப் போனானாம்.

ரெக்ஸ்: இறைச்சி, பால் பொருள் கூடாது. மீன் ஆளுக்கு 20 கிலோ வரை தடையில்லை. சீலா கருவாடு!! மக்ரூனும்.

ஜெசி: மக்ரூன் எந்தக் கடை? போன தடவை வந்தது நமுத்துப் போயிருந்தது

ஸ்டெல்லா: இந்தத் தடவை நான் முன்னால் நின்று வாங்குகிறேன், மைனி

சவரிமுத்து: டப்பாவில் போட்டு மேலே டேப் ஒட்ட வேண்டும். காற்றுப் பட்டால் முட்டை வெள்ளைக்கரு இளகிவிடும்.

அருள்: தேதி. தேதி. தேதி.

ரெக்ஸ்: சித்தப்பா, மிலானில் "கடைசி இராவுணவு" ஓவியத்துக்கு உடனே டிக்கெட் போடுங்கள். சின்னச் சின்னக் குழுவாக 15 நிமிடம்தான் உள்ளே விடுவார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். வத்திக்கான் அருங்காட்சியகத்தை ஞாயிறு வைக்காதீர்கள். கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறு மூடியிருக்கும். பேதுரு கோவிலுக்குத் தோளும் முட்டியும் மூடிய உடை.

ஸ்டெல்லா: அத்தை சேலைதான். கவலையில்லை.

அருள்: அப்போ மிலான், பதுவை, பிளாரன்ஸ், ரோம். மே 8 முதல் 20. காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் எடுக்கிறேன்.

சவரிமுத்து: காஸ்திலியோனே?

அருள்: பெட்டி, அம்மா, பிள்ளைகள் எல்லோரோடும் நடுவழியில் இறங்கி ஏறுவது கஷ்டம் அண்ணே

சவரிமுத்து: நானும் ரெக்ஸும் இறங்கிக்கொள்கிறோம். நீங்கள் நேரே பதுவை போங்கள். சாயங்காலம் வந்து சேர்ந்துவிடுகிறோம்.

ரெக்ஸ்: எனக்கு ஓகே

ஸ்டெல்லா: அப்பா பெயருள்ள புனிதர் என்றால் தானும் இறங்குவேன் என்கிறார்கள் அத்தை

அருள்: 🤦

ஜெசி: அம்மா டிக்கெட் நான் போடுகிறேன்

சவரிமுத்து: மூத்தவன் நான் இருக்கிறேன்.

ஜெசி: எப்போதும் நீங்களே போடுவதா அண்ணே? எனக்கும் அவர்கள் அம்மாதான்

அருள்: அதைப் பிறகு பேசலாம். அக்கா, நீங்கள் வருகிறீர்களா இல்லையா?

ஜெசி: அத்தானிடம் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரோமுக்கு மட்டும் வரலாம்.

ஸ்டெல்லா: வாங்க மைனி

ஜெசி: பார்க்கிறேன். உறுதி இல்லை.

அருள்: அண்ணே, உங்கள் பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இன்னும் வரவில்லை

சவரிமுத்து: அனுப்பினேனே.

அருள்: அது ஆதார் கார்டு

ரெக்ஸ்: அப்பா, பீரோவில் மேல் தட்டு, நீல ஃபைல்

சவரிமுத்து: தேடுகிறேன். தம்பி, தெசென்சானோவிலிருந்து காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்.